உளியும் கல்வியே!

தமிழ்மக்களிடையே இன்று வேரூன்றி வரும் மயக்கங்களுள் ஒன்று, கல்லூரிப் பட்டமே கல்வி என்பதும், பட்டம் பெறாதவன் கல்லாதவன் என்பதும் ஆகும். பத்தாம் வகுப்பில் தேறிய மகன், பற்றவைக்கும் தொழிலோ மின்பணியோ கற்கப் போவதாகச் சொன்னால், இல்லத்தில் இழவு விழுந்தாற்போல் ஆகிவிடுகின்றது. அவனே எதற்கென்று அறியாமல் ஏதோ ஒரு பொறியியற் கல்லூரியில் கடன்பட்டுச் சேர்ந்தால், உறவினரை அழைத்து விருந்து வைக்கின்றனர். அவனுடைய விருப்பம் யாது, திறன் யாது என்று வினவுவார் ஒருவரும் இலர்.

உயர்கல்வி வேண்டா என்பது நம் கருத்தன்று. 2021-22-ஆம் ஆண்டிற்கான நடுவணரசின் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் உயர்கல்விச் சேர்க்கை நூற்றுக்கு 47 என்னும் அளவில் உள்ளது. இந்திய அளவில் அது 28 மட்டுமே. இது தமிழர் போராடிப் பெற்ற பேறு. அதனை ஓர் அணுவும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆயின், எஞ்சிய பாதிக்கு மேற்பட்ட இளைஞரை நாம் என்னவென்று அழைப்பது? தோற்றவர் என்றா?

கைத்தொழில் என்றதும் நம்மவர் அஞ்சுவதற்குத் தக்க கரணியம் உண்டு. 1953-இல் முதலமைச்சர் இராசாசி கொண்டுவந்த திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும், எஞ்சிய பொழுது தந்தையின் தொழிலிலும் பழகவேண்டும் என்றது. குலக்கல்வி எனப் பெயர் பெற்ற அதனைப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அண்மையில், 2023-இல் நடுவணரசு தொடங்கிய விசுவகர்மா திட்டமும் 18 கைத்தொழில்களைக் குறித்து, குடும்பவழித் தொழில் என்னும் அளவுகோலை வைத்தது. 18 அகவை நிரம்பினாற் போதும் என்றது. கல்லூரிக்குச் செல்லும் அகவையில் தந்தையின் தொழிலுக்குத் திருப்பும் அத்திட்டத்தை அவ்வடிவில் ஏற்பதற்கில்லை என 2024-இல் தமிழக முதலமைச்சர் எழுதினார். அடுத்த ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய கைவினைத் திட்டம், குடும்பத் தொழில் என்னும் வரம்பை நீக்கி, 35 அகவை நிரம்பியோர்க்கென அமைந்தது.

இவற்றிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் யாது? குலக்கல்வியின் கேடு உளியில் இல்லை. உளியை இன்னார் மகன்தான் பிடிக்கவேண்டும் என்று பிறப்பை வைத்து விதித்ததிலும், அதற்காகப் பள்ளிப் பொழுதைக் குறைத்ததிலுமே அக்கேடு இருந்தது. நாமோ அந்த விதியை எதிர்த்து வென்றபின், உளியையே இழிந்ததாக எண்ணத் தொடங்கிவிட்டோம். கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், ஏட்டைப் புரட்டுபவன் உயர்ந்தவன் என்பது வருணக் கோட்பாட்டின் உயிர்நிலை. வடசொல்லைத் தம் நாவினின்று நீக்கிய அன்பர் சிலர், இவ்வெண்ணத்தைத் தம் நெஞ்சினின்று இன்னும் நீக்கினாரில்லை.

பழந்தமிழர் அவ்வாறு எண்ணவில்லை. கழகப் புலவர் வரிசையில் மதுரைப் பெருங்கொல்லனாரும், தங்காற் பொற்கொல்லனாரும், அறுவை வாணிகன் இளவேட்டனாரும் தத்தம் தொழிற்பெயரோடே நிற்கின்றனர். தொழில் அவர்தம் புலமைக்கு இழுக்காகவில்லை. பொன்முடியார் பாடிய புறப்பாட்டு ஒன்று, தாய், தந்தை, வேந்தன் என்போரோடு கொல்லனையும் கடமையுடையான் ஒருவனாக ஒரே நிரலில் வைக்கின்றது.

மொழிக்கும் இதனால் விளையும் இழப்புப் பெரிது. இழைப்புளி, வாய்ச்சி, மூலைமட்டம் என்பன தச்சன் வாயிலும், துருத்தி, பட்டடை, குறடு என்பன கொல்லன் உலைக்களத்திலும், பாவு, ஊடை, விழுது என்பன நெசவாளன் தறியிலும் வாழ்ந்த சொற்கள். இவற்றை எந்தச் சொல்லாக்கக் குழுவும் ஆக்கித் தரவில்லை. மரங் கடைவோரிடம் கடைசல் என்னும் சொல் இருக்க, இரும்பு கடையும் பட்டறையின் பெயர்ப்பலகை 'லேத்து' என்கின்றது. கற்றவன் பட்டறைக்குள் நுழையவில்லை. பட்டறைக்காரன் நூல்தமிழைத் தன்னுடையதாகக் கருதவில்லை. இடையில் நின்ற ஆங்கிலம் இருவரையும் ஆண்டது.

பெற்றோர் அறியவேண்டிய செய்திகள் சில உள. தொழிற்பயிற்சி நிலையங்களில் 8-ஆம் வகுப்புத் தேறியோர்க்கும் 10-ஆம் வகுப்புத் தேறியோர்க்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பயிற்சி பெரும்பாலும் ஓராண்டு அல்லது ஈராண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பழகும் வழியைத் திறந்துள்ளது. 2023 முதல் 71 அரசு நிலையங்கள் புதுவகைத் தன்னியக்கப் பொறிகளோடு மேம்படுத்தப்பெற்றன. பத்தாம் வகுப்புக்குப்பின் ஈராண்டுப் பயிற்சி முடித்தோர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலும், பட்டயம் பெற்றோர் பொறியியற் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலும் நேரே சேரலாம். ஆகவே, தொழில் கற்கச் சென்றவனுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டுவிட்டது என்பது பொய்.

எனினும், வழி இருந்தால் மட்டும் போதாது. மேடையில் உழைப்பைப் போற்றிவிட்டு, இல்லத்திற்கு வந்த மின்பணியாளரை 'வா, போ' என விளித்து, அவர்தம் கூலியையும் குறைத்துப் பேசுவோமாயின், எந்த இளைஞன் அத்தொழிலை விரும்புவான்? நல்ல கூலியும், கண்ணுக்கும் கைக்கும் காப்பும், 'வாருங்கள்' என்னும் ஒரு சொல்லும் இல்லாத இடத்தில் தொழிலுக்குப் பெருமை ஏது?

எனவே நாம் கேட்பன மூன்று. தொழிற்பயிற்சிக்குரிய நூல்களும் தேர்வும் பட்டறையில் வழங்கும் நல்ல தமிழில் அமைதல் வேண்டும். பள்ளிப் பாடத்தைக் குறைக்காமல், பிறப்பைப் பாராமல், எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஒரு கைத்தொழில் பயிற்றல் வேண்டும். மூன்றாவது, அரசிடம் கேட்பதன்று, நம்மிடமே கேட்பது. தமிழாசிரியன் மகன் கொல்லுலையிலும், குயவன் மகள் மருத்துவமனையிலும் தத்தம் விருப்பத்தால் நிற்க, இருவரையும் ஒருபடித்தாய் மதிக்கும் நெஞ்சம் வேண்டும். அந்நெஞ்சம் நம் இல்லங்களில் இன்றே தோன்றுக! தமிழனின் கை நிமிர்ந்தாலன்றித் தமிழ் நிமிராது.