முதலில் கழுவிப் பாருங்கள்

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வடிந்தபோது, நனைந்த மெத்தைகளோடு வாஷிங் மெஷின்களும் டிவிகளும் கம்ப்யூட்டர்களும் தெருவுக்கு வந்தன. 'தண்ணீர் புகுந்துவிட்டது, இனி தேறாது' என்பதே தீர்ப்பு. அவற்றில் பல தேறக்கூடியவை.

மின்சாரம் ஓடாத நிலையில் நனைந்த சர்க்யூட் போர்டு உடனே பாழாவதில்லை. தொழிற்சாலையிலேயே பல போர்டுகளைச் சால்டரிங் முடிந்ததும் நீரில் கழுவுகிறார்கள். ஈரம் காயுமுன் சுவிட்சைப் போடுவதுதான் பெருங்கேடு. அடுத்தது, சாக்கடை உப்பும் சேறும் செம்புத் தடங்களை அரிப்பது. மின் இணைப்பைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்றி, போர்டை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, மிதமான சூட்டில் முழுக்கக் காயவைப்பது அனுபவமுள்ள மெக்கானிக்குக் கைவந்த வேலை. (போனை அரிசியில் புதைப்பது வீண், உள்ளே போவது அரிசித் தூள்தான்.) விதிவிலக்கும் உண்டு. நீர் புகுந்த லித்தியம் பேட்டரியையும், எம்சிபி போன்ற பாதுகாப்புச் சாதனங்களையும் மாற்றியே ஆகவேண்டும். அங்கே சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

அரிப்பு யாருக்காகவும் காத்திருக்காது. முதல் ஓரிரு நாளில் கழுவினால் பிழைக்கும் போர்டு, சேறு காய்ந்து கிடந்தால் பச்சை பூத்துவிடும். ஆனால் காப்பீடு எடுத்த கடைக்காரரோ, சர்வேயர் வந்து பார்க்கும்வரை பொருளைத் தொடவே அஞ்சுகிறார். நஷ்டம் பெருகாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுப்பது பாலிசிதாரரின் கடமை என்று பாலிசி சொல்கிறது. நடைமுறையோ அவர் கையைக் கட்டிப்போடுகிறது. புகைப்படமும் சீரியல் எண்ணும் பதிந்தவுடன் கழுவலாம், அந்தச் செலவும் கிளெய்மில் சேரும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

கம்பெனிகளின் பங்கும் சிறிதல்ல. ஒரு ரிலே போனாலும் 'முழு போர்டையும் மாற்றணும்' என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். சர்க்யூட் வரைபடம் வெளியே கிடைப்பதில்லை. பிரான்ஸில் டிவி, லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றை, எவ்வளவு எளிதாகப் பழுதுநீக்கலாம் என்ற மதிப்பெண்ணைக் காட்டித்தான் விற்க வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தது. உதிரிபாகமும் வரைபடமும் வெளிக்கடை மெக்கானிக்குக்கும் கிடைப்பதைச் சட்டக் கடமையாக்காமல் அந்த உரிமைக்குப் பொருளில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தைக் கொண்டுவந்த மிக்ஜாம் புயலுக்குப் பின், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசு 6,000 ரூபாய் தந்தது. ஒரு புதிய வாஷிங் மெஷினுக்கு அது பொதுவாகப் போதாது. போர்டைக் கழுவிச் சீராக்கப் பெரும்பாலும் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஐடிஐ மாணவர்களுக்கு இந்த வேலையைப் பயிற்றுவித்து, தாழ்வான வார்டுகளில் வெள்ளம் வடிந்த மறுநாளே மேசை போட்டு உட்காரவைக்க மாநகராட்சி ஏற்பாடு செய்யட்டும்.