116 கி.மீ. வேகம் ஓகே... அந்த சீட்டில் யார் உட்கார முடியும்? 'ஹாலிவுட் டிரிஃப்ட்' ரோலர் கோஸ்டர் விவாதம்

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களில் கார் ரோட்டில் போனால்தான் ஆச்சரியம். விமானத்தில் இருந்து குதிக்கும், கட்டடம் விட்டுக் கட்டடம் தாவும். 2021-ல் வந்த ஒன்பதாவது பாகத்தில் விண்வெளிக்கே போய்விட்டது. அந்தப் படங்களின் பெயரில் ஒரு ரோலர் கோஸ்டரை அறிவித்தது கலிஃபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஹாலிவுட் தீம் பார்க். பெயர், 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்: ஹாலிவுட் டிரிஃப்ட்'. திறப்பு 2026 என்று அறிவிக்கப்பட்டதில் இருந்தே ரசிகர்களிடம் விவாதம்தான். 'இது எவ்வளவு வெறித்தனமாக இருக்கும்?' என்கிறது ஒரு தரப்பு. 'என்னால் ஏற முடியுமா?' என்று கவலைப்படுகிறது இன்னொரு தரப்பு.

இரண்டு கேள்விக்கும் பலர் வேகத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். ஒரு ரைடில் யார் ஏறலாம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது சீட்டும், அதில் நம்மைப் பிடித்து வைக்கும் கம்பியும்தான். வேகம் அதற்குப் பிறகுதான்.

இந்த ரைடில் என்ன புதுசு?

யுனிவர்சல் சொன்ன விவரங்களின்படி அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 116 கி.மீ. பாதையின் நீளம் சுமார் 1,250 மீட்டர். இந்தப் பார்க்கின் முதல் அதிவேக வெளிப்புற ரோலர் கோஸ்டர் இதுதான். பார்க் மலைச்சரிவில் மேல் தளம், கீழ் தளம் என இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டையும் இணைக்கும் நீண்ட எஸ்கலேட்டர்களின் மேலேயே பாதை போகிறது.

ஆனால் ரசிகர்களைப் பேச வைத்தது வேறு ஒரு விஷயம். கார் வடிவப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே 360 டிகிரி சுழலும். பெட்டி தண்டவாளத்தில் நேராகப் போகும்போது, நீங்கள் பக்கவாட்டில் பார்த்தபடி போகலாம். அதாவது, டிரிஃப்ட்!

எதிர்பார்ப்புக்குப் பின்னால் ஒரு பழைய வருத்தமும் இருக்கிறது. இதே பார்க்கின் ஸ்டுடியோ டூரில் 2015 முதல் 2025 வரை 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்: சூப்பர்சார்ஜ்டு' என்ற பகுதி இருந்தது. டிராமில் உட்கார வைத்து, திரையில் சேஸிங் காட்டுவார்கள். 'பேருக்குத்தான் ஃபாஸ்ட்' என்று ரசிகர்கள் நொந்துகொண்ட ரைடு அது. எனவே இந்த முறை நிஜ வேகம் வேண்டும் என்ற ஆசை கூடுதல்.

வேகம் கூடினால் பயமும் கூடுமா?

அப்படிச் சொல்ல முடியாது. அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் 2010 முதல் ஓடும் 'ஃபார்முலா ரோஸா'வின் வேகம் மணிக்கு 240 கி.மீ. ஆர்லாண்டோவில் 2021-ல் திறந்த 'ஜுராசிக் வேர்ல்டு வெலோசிகோஸ்டர்' அதில் பாதி கூட இல்லை, சுமார் 113 கி.மீ.தான். ஆனாலும் தீவிரமான கோஸ்டர்கள் பற்றிப் பேசும்போது வெலோசிகோஸ்டர் பெயரைத் தவிர்க்கவே முடியாது. காரணம், அது நம்மைத் தலைகீழாகத் திருப்பும் விதமும், சீட்டில் இருந்து மேலே தூக்கும் விதமும்.

உடல் உணர்வது வேகத்தை அல்ல, வேகமும் திசையும் மாறுவதை. சீராகப் போகும் விமானத்தில் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் காபி குடிக்கலாம். அதே விமானம் திடீரென்று குலுங்கினால்தான் வயிறு கலங்கும். இந்த மாற்றத்தை 'ஜி' என்ற அளவில் சொல்வார்கள். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது 1 ஜி. பள்ளத்தில் இறங்கி மேலேறும் இடத்தில் 4 ஜி வந்தால், 60 கிலோ ஆள் அந்த நொடியில் 240 கிலோ எடையாக உணர்வார். மேட்டின் உச்சியில் ஜி பூஜ்யத்துக்குக் கீழே போனால், உடல் சீட்டில் இருந்து எழும்பும். அதை ரசிகர்கள் 'ஏர்டைம்' என்பார்கள். எந்தத் திசையில், எத்தனை நொடிகள் என்பதுதான் ஒரு ரைடின் உண்மையான தீவிரம்.

பெட்டி சுழலும்போது என்ன ஆகும்?

சாதாரண கோஸ்டர் வேகமெடுத்தால் முதுகு சீட்டில் அழுந்தும். பெட்டி பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது அதே வேகமெடுப்பு உடலைத் தோள்பக்கமாகத் தள்ளும். முதுகுக்கு முழு சீட் தாங்கல் இருக்கிறது. பக்கவாட்டில் தலைக்கும் கழுத்துக்கும் அவ்வளவு தாங்கல் கிடைக்காது. எனவே ஒரே பாதை, ஒரே வேகம் என்றாலும் பெட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து அனுபவம் மாறும்.

அடுத்தது தலைசுற்றல். நம் உள்காது 'இந்தப் பக்கம் போகிறோம்' என்கிறது, கண் வேறு ஒன்றைக் காட்டுகிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்பிக் குமட்டல் வருகிறது. மலைப்பாதை பஸ்ஸில் போனைப் பார்த்தபடி போனவர்களுக்கு இது தெரியும். டிஸ்னியின் எப்காட் பார்க்கில் 2022-ல் திறந்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி: காஸ்மிக் ரிவைண்ட்' கோஸ்டரிலும் பெட்டிகள் காட்சிக்கு ஏற்பத் திரும்பும். அதில் ஏறியவர்களில் ஒரு பகுதியினர் பயத்தைவிடத் தலைசுற்றலைத்தான் புகாராகச் சொன்னார்கள். ஆனால் அது இருட்டான கட்டடத்துக்குள் ஓடுவது. ஹாலிவுட் டிரிஃப்ட் திறந்தவெளி. சுற்றிலும் அடிவானம் தெரிந்தால் கண்ணும் காதும் ஒத்துப்போக வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

யார் ஏறலாம்னு எது முடிவு பண்ணுது?

இந்தக் கேள்விக்குச் சரியான உதாரணம் இதே ஹாலிவுட் பார்க்கில் இருக்கிறது. 2023-ல் அங்கே 'மரியோ கார்ட்: பவுசர்ஸ் சேலஞ்ச்' திறந்தது. அதில் கார்ட் மெதுவாகத்தான் நகரும், பெரிய சரிவு எதுவும் கிடையாது. குடும்பத்தோடு போகிற ரைடு. ஆனால் இடுப்புச் சுற்றளவு 40 அங்குலமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு இடம் போதாமல் போகலாம் என்று பார்க் அறிவித்தது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 40 அங்குலம் என்பது ஒன்றும் அரிதான அளவு இல்லையே! வேகமே இல்லாத ரைடு பலரை வெளியே நிறுத்தியது, சீட்டின் வடிவத்தால்.

டிஸ்னியின் 'டிரான்' கோஸ்டர் இன்னொரு உதாரணம். பைக் ஓட்டுவது போல முன்னே குனிந்து உட்கார வேண்டும். முதுகையும் கால்களையும் பூட்டுகள் பிடிக்கும். கெண்டைக்கால் தடிமனாக இருப்பவர்களுக்கு அந்தப் பூட்டு மூடாது. 2023-ல் ஃப்ளோரிடாவில் திறந்தபோது இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். சில ரயில்களின் கடைசியில் சாதாரண சீட் கொண்ட பெட்டி, நுழைவாயிலில் உட்கார்ந்து பார்க்க ஒரு மாதிரி வண்டி. வடிவமைக்கும்போதே யோசித்தால் வழி இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

உயர வரம்பும் இதே கதைதான். காஸ்மிக் ரிவைண்டுக்குக் குறைந்தபட்ச உயரம் சுமார் 107 செ.மீ., டிரானுக்கு 122, வெலோசிகோஸ்டருக்கு 130. இது தைரியத்துக்குப் போடும் மார்க் இல்லை. மடி மேல் வரும் கம்பி, குழந்தையின் தொடையையும் இடுப்பையும் சரியான இடத்தில் பிடிக்குமா என்ற கணக்கு. 'என் பையன் பயப்படவே மாட்டான்' என்று ஊழியரிடம் வாதாடுவதில் அர்த்தம் இல்லாதது அதனால்தான்.

மாற்றுத்திறனாளிகள் நிலை?

அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், 2010-ல் வெளியான விதிகள் புதிய ரைடுகளுக்கும் பொருந்தும். சக்கர நாற்காலிக்கான இடம், நாற்காலியில் இருந்து மாறி உட்கார ஏதுவான சீட், மாற உதவும் சாதனம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ரோலர் கோஸ்டர்களில் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வழிதான்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுக்கலாமா? தடுக்கலாம். ஆனால் அந்த நிபந்தனை உண்மையான ஆபத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும். ஊகத்தின் அடிப்படையில் இருக்கக்கூடாது என்கிறது விதி. இந்த வரியைச் சுற்றித்தான் வழக்குகள்.

ஹாலிவுட் பார்க்கின் 'ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி' கோஸ்டரில் கைகள் இல்லாத ஒருவரையும், செயற்கைக் கால் பொருத்திய ஒருவரையும் ஏற்ற மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ரைடைத் தயாரித்த நிறுவனம் வகுத்த நிபந்தனைகளைப் பின்பற்ற வேண்டும் என்பது கலிஃபோர்னியா மாநில விதி என்பதால், 2014-ல் தீர்ப்பு பார்க்குக்குச் சாதகமாக வந்தது. ஆனால் 2023-ல், ஆர்லாண்டோவின் நீர் சறுக்கு ரைடு ஒன்றில் ஒரு கை மட்டுமே உள்ளவரைத் தடுத்த வழக்கில், 11-வது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. மாநிலச் சட்டத்தைக் காட்டி மட்டும் கூட்டாட்சிச் சட்டத்தில் இருந்து தப்ப முடியாது என்றது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் கலிஃபோர்னியா வராது. ஆக, ஒரே நிறுவனம், இரண்டு மாநிலங்கள், இரண்டு விதமான பதில்.

ஆர்லாண்டோ கற்றுத் தந்தது

இதை வெறும் உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவும் முடியாது. ஆர்லாண்டோவில் 2025 மே மாதம் 'எபிக் யுனிவர்ஸ்' பார்க் திறந்தது. அதன் 'ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ்' மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகத்தில் ஓடும் இரட்டைக் கோஸ்டர். அதே ஆண்டு செப்டம்பர் 17-ம் தேதி அதில் ஏறிய மாற்றுத்திறனாளி ஒருவர் பயணத்தில் ஏற்பட்ட காயங்களால் இறந்தார். மருத்துவப் பரிசோதகர் அதை விபத்து என்று பதிவு செய்தார். அவருடைய உடல்நிலைதான் மரணத்துக்குக் காரணம் என்ற பேச்சைக் குடும்பத்தின் வழக்கறிஞர்கள் மறுத்தார்கள். மூடப்பட்ட ரைடு, மாற்றப்பட்ட எச்சரிக்கைப் பலகைகளுடன் அக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு 'மாற்றுத்திறனாளிகளை ஏற்றவே கூடாது' என்று பேசுவது எளிது. ஆனால் கேட்க வேண்டியது வேறு. அந்த சீட்டும் கம்பியும் எந்தெந்த உடல்களைப் பாதுகாப்பாகத் தாங்கும்? அதை எப்படிச் சோதித்தார்கள்? ஏறுகிறவருக்கு அது புரியும்படி முன்கூட்டியே சொல்லப்பட்டதா? இதற்குப் பதில் இருந்தால் பலரை ஏற்றவும் முடியும், சிலருக்குக் காரணத்தோடு மறுக்கவும் முடியும். பதில் இல்லாதபோதுதான் எல்லாம் கேட்டில் நிற்கும் ஊழியரின் ஊகத்துக்குப் போகிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

ஹாலிவுட்டோ வேறு எந்தப் பார்க்கோ, டிக்கெட் எடுப்பதற்கு முன் வேகத்தைப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். பார்க்கின் பாதுகாப்பு வழிகாட்டியில் உயர வரம்பு, சீட் வகை, கைப்பிடி நிபந்தனை, சக்கர நாற்காலியில் இருந்து மாறும் முறை நான்கையும் படியுங்கள். முதுகு, கழுத்து, இதயப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்கச் சொல்லும் எச்சரிக்கை சும்மா போடுவதில்லை. சுழலும் ரைடில் தலையைச் சீட்டோடு சாய்த்து, தூரத்தில் ஒரு இடத்தைப் பார்த்தபடி இருந்தால் குமட்டல் குறையலாம்.

வாசலில் மாதிரி சீட் வைத்திருந்தால் முதலில் அதில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு மணி நேரம் கியூவில் நின்ற பிறகு, எல்லோர் முன்னிலையிலும் கம்பி மூடவில்லை என்று இறங்கி நடப்பதைவிட, அந்த ஒரு நிமிடம் எவ்வளவோ மேல்.