யாருடைய பொழுதுபோக்கு?

'எனது பொழுதுபோக்கு' என்னும் கட்டுரைத் தலைப்பு எமது பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றது. அதற்கு எழுதப்படும் விடையும் தலைமுறை தலைமுறையாக ஒன்றே. "எனது பொழுதுபோக்கு முத்திரை சேகரித்தல்" என்று தொடங்கும் கொப்பிகளே மிகுதி. அடுத்த இடம் பூந்தோட்டத்துக்கு. அதற்கடுத்த இடம் நூல் வாசித்தலுக்கு. கடிதமே வராத வீட்டுப் பிள்ளைகள் முத்திரை சேகரிக்கின்றனர்! கிணற்றடிக்கு அப்பால் ஒரு சாண் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் உரோசாத் தோட்டம் வளர்க்கின்றனர்! ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, கல்முனை என்று இக்கரையோர ஊர்களில் தமிழ் கற்பிக்கும் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

இப்பிள்ளைகள் உண்மையில் எதில் மனந்தோய்ந்து கிடக்கின்றனர்? ஒருத்தி தாயுடன் அமர்ந்து பன் பாய் இழைக்கின்றாள். சாயமிட்ட பன்னை எவ்விடத்திற் புகுத்தினால் கரை எடுப்பாக விழும் என்பதை அவளுடைய விரல்கள் அறியும். ஒருவன் சினிமாப் பாட்டொன்றின் தொடக்க இசையைக் கேட்ட அக்கணமே இசையமைப்பாளரின் பெயரைச் சொல்வான். மற்றொருவன் கூத்துக் களரியில் அண்ணாவியாரின் மத்தளத்துக்குத் தன் கால்களை ஒப்புக்கொடுத்தவன். வேறொருவன் சிலம்படி பழகுகின்றான். இவற்றுள் ஒன்றேனும் கொப்பியில் ஏறுவதில்லை. தாம் விரும்புவது விருப்பமென்று சொல்லத் தகுதியற்றது என அப்பிள்ளைகள் எங்கேயோ கற்றுக்கொண்டுள்ளனர். அதனைக் கற்பித்தவர் யார் என்பதே எமது வினா.

முத்திரை சேகரித்தல் தீய செயலன்று. ஆயினும் அது யாருடைய பொழுதுபோக்கு? 1840இல் இங்கிலாந்தில் முதலாவது தபால் முத்திரை வெளிவந்த பின்னர், கடிதம் எழுதவும் பெறவும் வசதி படைத்த மக்களிடையே பரவிய வழக்கம் அது. அவ்வகுப்பாரின் ஓய்வே ஓய்வென்றும், அவர்களுடைய விருப்பமே விருப்பமென்றும் ஏற்றுக்கொண்ட ஒரு கல்விமுறை, உழைப்போர் வீட்டு விருப்பங்களுக்குப் பெயர்சூட்ட மறந்துவிட்டது. பாய் இழைத்தால் 'வேலை'. சினிமாப் பாட்டுக் கேட்டால் 'சீரழிவு'. கூத்தாடினால் 'படிப்புக் கெட்டுப்போம்'. இதுவே எமது கனவான்களின் அகராதி.

சீரழிவென்று கூக்குரலிடுவோருக்கு ஒரு பழைய கதையை நினைவூட்ட விரும்புகின்றோம். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், மக்களின் செவியைத் திருத்தப் புறப்பட்டார். அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு விலக்கப்பட்டது. சாஸ்திரீய சங்கீதம் நாள்முழுதும் ஒலித்தது. மக்கள் என்ன செய்தனர்? வானொலியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர். 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி இந்தியத் துணைக்கண்டத்தின் செல்லப்பிள்ளையாயிற்று. தமிழகத்துச் சிற்றூர்களிலும் எமது வானொலியின் தமிழ்க் குரல்கள் வீட்டு உறவினரின் குரல்களாயின. இறுதியில் 1957இல் 'விவித பாரதி' என்னும் சேவையைத் தொடங்கி இந்திய அரசு மக்களிடம் இறங்கி வந்தது. தடைவிதித்து இரசனையை வளர்த்தவர் எவருமிலர். சினிமாப் பாட்டிற் பெண்ணை இழிவுசெய்யும் வரிகள் உள; பொருளற்ற கூச்சல் உளது. அவற்றை எவ்வாறு இனங்காண்பது? பாட்டை வகுப்பறைக்குக் கொணர்ந்து, மாணவருடன் சேர்ந்து கேட்டு, விவாதித்தே இனங்காண வேண்டும். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பாட்டு விமர்சனமின்றிக் கேட்கப்படும் பாட்டாகும்.

இனி, மறுபக்கத்தில் நிற்போர் ஒருவகையினர். "விருப்பம் அவரவர் சொந்த விடயம், வேண்டியதைச் சந்தை தரும்" என்பது அவர்களின் வேதம். இவ்வேதம் என்ன செய்தது என்பதை மருதமுனையிற் காணலாம். தறிச்சத்தம் கேட்டே பொழுது புலர்ந்த ஊர் அது. சாறனும் சேலையும் நெய்து புகழ்பெற்ற அவ்வூர் நெசவாளருக்கு, இறக்குமதித் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்திற் சந்தை இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கப்பலில் வந்திறங்கிய மலிவுத் துணி கடைகளை நிறைத்தது. நூலுக்கும் சாயத்துக்கும் வெளிநாட்டை நம்பியிருந்த தறிகாரர் விலையிற் போட்டியிட இயலாது தளர்ந்தனர். தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. 2004 ஆழிப்பேரலை எஞ்சியதையும் தாக்கியது. இன்று நாம் கடையிற் புகுந்து ஒரு துணியை 'விருப்பத்தோடு' தெரிவு செய்கின்றோம். அந்த விருப்பம் கண்முன் வைக்கப்பட்டவற்றுள் அடங்கிய விருப்பம். கண்முன் எது வைக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் நெசவாளருமல்லர், நாமுமல்லோம்.

மூன்றாவது வகையினர் மரபின் காவலர். அமைச்சர் வரும் விழாவிற் பத்து நிமிடக் கூத்து, கண்காட்சியில் ஒரு பன் பாய், பொன்னாடை ஒன்று, புகைப்படம் ஒன்று. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, படித்தோர் இகழ்ந்த கலையைப் படித்தோர் முன் நிமிர்ந்து நிற்கச் செய்தார். அது வரலாற்றுப் பணி. இன்றைய விழாக்காரர் செய்வதோ அலங்காரம். பாயைப் புகழ்வோர் பாய்க்காரியிடம் பேரம் பேசாதிருப்பதில்லை. பன் அறுத்து, உலர்த்தி, சாயமேற்றி, நாட்கணக்கில் இழைத்த கைகளுக்கு நாட்கூலியாவது தேறுகின்றதா என்று அவர்கள் கேட்பதுமில்லை.

மரபின் காவலர் பேசாது விடும் செய்தி இன்னொன்று உண்டு. பறைமேளம் எமது பிரதேசத்தின் தொன்மைச் செல்வம் என்பர். மெய்தான். ஆயின் அதனை முழக்கியவர் எந்நிலையில் முழக்கினர்? அக்கரைப்பற்றில் தங்கிக் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1983இல் வெளியிட்ட கட்டுரை, இங்குள்ள பறைமேளக்காரரின் வாழ்வையும் அவர்களைக் கட்டிய சாதிக் கடமைகளையும் பற்றியதே. கோயில் வாசலிலும் இழவு வீட்டிலும் பிறப்பினாற் சுமத்தப்பட்ட தொழிலைக் 'கலையார்வம்' என்று அழைப்பது கொடுமை. அம்மேளத்தைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கும் இளைஞனைப் பார்த்து "கலை அழிகின்றதே" என்று கண்ணீர் வடிக்க எவருக்கும் உரிமையில்லை. விட்டுவிடும் உரிமை உள்ளவன் விரும்பிக் கையிலெடுக்கும்போதே பறை கலையாகும். சாதி ஒழிந்த இடத்தில் எல்லோர் வீட்டுப் பிள்ளையும் அதனைக் கற்கலாம், கற்கவும் வேண்டும்.

ஆக, விருப்பத்தின் அடியில் இருப்பது நேரம். நேரத்தின் அடியில் இருப்பது கூலி. எட்டு மணிநேரம் உழைப்பு, எட்டு மணிநேரம் உறக்கம், எட்டு மணிநேரம் தமக்கென வாழ்வு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் போராடியபோது கேட்டது வெறும் இளைப்பாறலை அன்று. பாடவும் ஆடவும் வாசிக்கவும் ஒரு பொழுதை. கடையிற் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் இளைஞனுக்கு அப்பொழுது எங்கே? மத்திய கிழக்கு வீடுகளிற் பிறர் பசிக்குச் சமைக்கும் எமது பெண்களுக்கு எங்கே? பெருநாளுக்குத் தொதல் கிண்டும் பெண்ணின் கைப்பக்குவத்தை ஊரே உண்டு மகிழ்கின்றது. அதனை 'அவளுடைய கலை' என்று சொல்ல ஒருவரும் வாய் திறவார். புலமைப்பரிசில் என்றும் சாதாரண தரம் என்றும் மாலைப்பொழுதை ரியூசன் கொட்டில்களிற் கழிக்கும் பிள்ளைகளுக்கோ விளையாட்டே மறந்துபோயிற்று. அவர்களிடம் பொழுதுபோக்கு யாதென வினவுதல் பட்டினி கிடப்பவனிடம் உணவின் சுவை கேட்பதையொக்கும்.

எனவே எமது கோரிக்கைகள் தெளிவானவை. கைவினைக்கும் நெசவுக்கும் பொன்னாடை வேண்டாம். நியாய விலைக்கு நூலும், உழைப்புக்கேற்ற கூலியும், விற்பதற்கு ஓரிடமும் வேண்டும். பாடசாலையில் அழகியற் பாடங்களுக்குரிய நேரத்தைப் பிற பாடங்கள் விழுங்குவது நிற்க வேண்டும். ஊர் அண்ணாவியாரும் பாய் இழைக்கும் தாய்மாரும் ஊதியத்துடன் வகுப்பறைக்கு அழைக்கப்பட வேண்டும். 'எனது பொழுதுபோக்கு' என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், முத்திரைக்கும் உரோசாவுக்கும் அளிக்கும் புள்ளியைப் பன் பாய்க்கும் சினிமாப் பாட்டுக்கும் அளிக்க அஞ்சலாகாது.

தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழும் இக்கரையில், ஒரு பிள்ளை தன் கொப்பியில் உள்ளபடி எழுதுவது சிறு செயலன்று. தன் வீட்டாரின் கைகளும் குரல்களும் எழுதத் தக்கவை என்று அது அன்று கற்றுக்கொள்கின்றது. அவ்வாறு கற்ற பிள்ளையிடம், உன் விருப்பம் இழிந்தது என்று இனி எவர் சொன்னாலும் செல்லாது.