நஞ்சா, நல்லுணவா?

தாயின் கருப்பையில் ஒட்டிக்கொண்டு சேயைப் பேணி வளர்க்கும் உறுப்பொன்று உண்டு. மேலைநாட்டு மருத்துவ நூல்கள் அதனைப் ‘பிளசென்டா’ என்கின்றன. நாமோ ‘நஞ்சு’ என்கிறோம்!

பிளசென்டா என்பது ஏதோ மந்திரச் சொல் என்று மயங்க வேண்டாம். இலத்தீனில் அது தட்டையான பணியாரம் ஒன்றின் பெயர். மாவும் பாலாடைக் கட்டியும் தேனும் சேர்த்து அதனைச் செய்யும் முறையைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியர் கேட்டோ தம் உழவு நூலில் எழுதிவைத்தார். 1559-இல் வெளிவந்த உடற்கூற்று நூலில் இத்தாலிய அறிஞர் ரியால்டோ கொலம்போ, வட்டமாய்த் தட்டையாய் இருந்த அவ்வுறுப்பை அப்பணியாரத்தோடு ஒப்பிட்டார். கண்டதைக் கண்டபடி சொன்னார், அவ்வளவே!

பின்னர்த் தாவரவியலாரும், சூல்கள் ஒட்டி வளரும் திசுவுக்கு அச்சொல்லையே ஆண்டனர். மிளகாயைப் பிளந்தால் விதைகள் பற்றியிருக்கும் வெண்பகுதி இருக்கிறதே, அதுதான் பிளசென்டா. காரம் பிறப்பதும் அங்கேதான். விதையை அதனோடு இணைக்கும் காம்புக்கும், குழந்தையின் தொப்புள்கொடிக்கும் இலத்தீனில் ஒரே பெயர்: ஃபுனிக்குலஸ். சிறு கயிறு என்பது பொருள்.

அடுப்பங்கரைச் சொல் அறிவியற் சொல்லாயிற்று. அச்சொல்லில் தீட்டில்லை, திகிலில்லை. நம் சொல்லில்?

ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள அவ்வுறுப்பு, தாயின் குருதியிலிருந்து உயிர்வளியும் உணவும் பெற்றுச் சேய்க்குத் தருகிறது; சேயின் கழிவை வாங்கித் தாயின் குருதியில் சேர்க்கிறது; நோயெதிர்ப்புப் பொருளையும் ஊட்டுகிறது. இத்துணைத் தொண்டு செய்வதற்கு நஞ்சென்று பெயர்! பெற்றவளுக்குத் தீட்டென்று பட்டம்! இன்றும் சில வீடுகளில் மூலையில் தனிப் பாய், தனித் தட்டு! நஞ்சைச் சுமந்தவள் என்றாக்கிவிட்டால், ஒதுக்கிவைக்க வேறு காரணம் தேட வேண்டியதில்லை அன்றோ?

“உள்ளே தங்கினால் உயிரைக் குடிக்கிறதே, அது நஞ்சன்றோ?” என்பர் பழமை விரும்பிகள். தங்கினால் குருதி பெருகும், கிருமி தொற்றும், உண்மைதான். அதற்கு வேண்டுவது மருத்துவரின் கை. மூலைப் பாய் அன்று. எஞ்சிய சோறும் ஊசிப்போகும். அதற்காகச் சோற்றை நஞ்சென்பார் உண்டோ? பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு தருவது வேறு, ஒதுக்கிவைப்பது வேறு.

இலங்கைத் தமிழ் உயிரியல் நூல்கள் ‘சூல்வித்தகம்’ என்று எழுதுகின்றன. சூலைக் காக்கும் உறுப்புக்குச் சூலாலேயே பெயர்! இளைஞர்களே, அச்சொல்லை ஆளுங்கள். ஆனால், சொல்லை மாற்றியதோடு நின்றுவிடாதீர்கள். மூலையில் கிடக்கும் பாயைச் சுருட்டிக் கூடத்திற்குக் கொண்டுவாருங்கள்!