கணனியும் நாமும்: மேம்படுத்தியபின் இயங்க மறுக்கும் மெய்நிகர்க் கணனி

எமது தமிழ்ப் பாடசாலைகளின் பழைய வினாத்தாள்கள், ஆலயத் திருவிழா மலர்கள், மறைந்த பெற்றோரின் நினைவாக அச்சிடப்பட்ட கல்வெட்டுக்கள் முதலியவற்றுள் பெரும்பாலானவை 1990களிலும் அதனையடுத்த பத்தாண்டிலும் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே ஆக்கப்பட்டன. ஒருங்குறி முறை பரவுமுன் வந்த இவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. ஆதலால் எழுத்துரு இல்லாத கணனியில் அக்கோப்புக்களைத் திறப்பின் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். எழுத்துருவை மட்டும் புதிய கணனியில் ஏற்றினாற் போதுமெனில், பக்க அமைப்புக்குப் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001இல். அக்காலத்து மென்பொருள்கள் பலவற்றை நிறுவும் நிரல்கள் 16 பிற் வகையைச் சேர்ந்தவை. இன்றைய 64 பிற் விண்டோஸ் அவற்றை இயக்கமாட்டாது.

இந்த இடர்ப்பாட்டிற்கு எம்மவர் பலர் கண்ட வழி மெய்நிகர்க் கணனியாகும். புதிய கணனிக்குள்ளே ஒரு மென்பொருளின் துணையுடன் மற்றொரு கணனியைத் தோற்றுவித்து, அதிலே பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யை நிறுவி வைத்திருப்பர். இத்தகைய மென்பொருள்களுள் வேர்ச்சுவல் பொக்ஸ் பலரும் அறிந்தது. ஜேர்மனியின் இன்னோரெக் நிறுவனம் 2007இல் இதனை வெளியிட்டது. 2008இல் சன் நிறுவனத்திடமும் 2010இல் ஒறாக்கிள் நிறுவனத்திடமும் இது சென்றடைந்தது.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. இதையொட்டிப் பல குடும்பங்கள் விண்டோஸ் 11க்கு மாறியதோடு வேர்ச்சுவல் பொக்ஸையும் புதிய பதிப்பிற்கு மேம்படுத்தியுள்ளன. அதன் பின்னர் பழைய எக்ஸ்.பி. எழும்ப மறுக்கின்றது, நீலத்திரை தோன்றுகின்றது, முறைமைக் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று அறிவிப்பு வருகின்றது. இருபது ஆண்டுகளின் உழைப்பு அழிந்ததோ என்று அஞ்சுவது இயல்பே. ஆயினும் பெரும்பாலான வேளைகளில் எதுவும் அழிந்திருப்பதில்லை.

இதன் காரணத்தை விளங்கிக் கொள்ளுதல் அவசியமாகும். மெய்நிகர்க் கணனியின் வன்தட்டு என்பது உண்மையில் உங்கள் கணனியிலுள்ள ஒரு பெரிய கோப்பே. வி.டி.ஐ. என முடியும் அக்கோப்பினுள்ளேதான் எக்ஸ்.பி.யும் உங்கள் ஆவணங்களும் உள்ளன. மேம்படுத்தல் வழமையாக அதனைத் தொடுவதில்லை. அது மாற்றுவன வேறு: முதலாவது, வெளிக்கணனியில் நிறுவப்படும் இயக்கிகள், இரண்டாவது, மெய்நிகர்க் கணனியின் அமைப்பு விபரங்களைக் கொண்ட சிறிய கோப்பு. மூன்றாவதாக, உட்கணனியில் முன்னர் ஏற்றிய துணை மென்பொருள் பழைய பதிப்பாகவே எஞ்சிவிடுவதால் புதியதுடன் ஒவ்வாது போகலாம். கோளாறு பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றிலேயே இருக்கும்.

எதனையும் திருத்த முற்படுமுன் மெய்நிகர்க் கணனியை நிறுத்திவிட்டு, அதன் கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டு ஒன்றிற்குப் பிரதி செய்து கொள்ளுங்கள். வி.டி.ஐ. கோப்பை மட்டும் எடுத்தல் போதாது. இடையிடையே நிலைப்பதிவுகள் எடுத்து வைத்திருப்போருக்கு, அவற்றின் பின் செய்த வேலைகள் யாவும் ஸ்னப்சொட்ஸ் என்னும் உட்கோப்புறையிலேயே இருக்கும். மூலக் கோப்பில் பழைய நிலை மாத்திரமே இருக்கும். அத்துடன், பட்டியலிலிருந்து மெய்நிகர்க் கணனியை நீக்கும்போது, பட்டியலிலிருந்து மட்டும் நீக்குவதா, கோப்புக்கள் அனைத்தையும் அழிப்பதா என்று மென்பொருள் வினவும். இரண்டாவதைத் தெரிந்தால் மீட்சி அரிது. வேர்ச்சுவல் பொக்ஸ் மென்பொருளையே அகற்றி மீள நிறுவுவதால் மெய்நிகர்க் கணனிகள் அழிவதில்லை என்பதையும் அறிந்து வைத்தல் நன்று.

பிரதி செய்தபின், பிழை அறிவிப்பு எங்கே தோன்றுகின்றது என்பதைக் கவனியுங்கள். உட்கணனியின் திரை தோன்றுமுன்னரே வேர்ச்சுவல் பொக்ஸின் சாளரத்தில் அறிவிப்பு வருமாயின் கோளாறு வெளிக்கணனியைச் சார்ந்தது. எக்ஸ்.பி. தொடங்கிய பின்னர் நீலத்திரையோ கோப்பில்லை என்ற அறிவிப்போ வருமாயின் கோளாறு உட்கணனியிலோ அதன் அமைப்பிலோ உள்ளது.

வெளிக்கணனியிற் கோளாறெனின், கணனியை முழுமையாக மீளத் தொடக்கிய பின்னர், நிர்வாகி உரிமையுடன் வேர்ச்சுவல் பொக்ஸை மீள நிறுவுங்கள். இயக்கிகள் அரைகுறையாகப் பதிந்திருப்பின் இதனாலேயே சீராகும். நீட்சிப் பொதி ஏற்றியிருந்தால் அதுவும் அதே பதிப்பினதாக இருத்தல் வேண்டும். 2019 டிசெம்பரில் வந்த 6.1ஆம் பதிப்பிலிருந்து, செயலியின் மெய்நிகராக்க வசதி இயங்கு நிலையில் இல்லாவிடின் மெய்நிகர்க் கணனி தொடங்காது. மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரே மாறியோர், கணனி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் இவ்வசதியை இயக்க வேண்டும். உட்கணனி இயங்கினும் ஆமைவேகமாயின், சாளரத்தின் கீழ்ப்பட்டியைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமைச் சின்னம் காணப்படின், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்கமான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கின்றது என்பது பொருள். விண்டோஸ் 11இன் பாதுகாப்புப் பகுதியிலுள்ள நினைவக ஒருமைப்பாடு என்னும் வசதியும் இதற்குக் காரணமாகலாம். அதனை நிறுத்தினால் வேகம் கூடலாம். ஆயின் வெளிக்கணனியின் காவலும் ஒரு படி குறையும். வங்கிக் கணக்குப் பார்க்கும் கணனியில் மெதுவான எக்ஸ்.பி.யைச் சகித்துக் கொள்வதே விவேகம்.

மேம்படுத்துமுன் உட்கணனியை முறையாக மூடாது, நிலையைச் சேமித்து விட்டிருந்தால் புதிய பதிப்பு அச்சேமிப்பை ஏற்க மறுக்கலாம். அப்போது சேமித்த நிலையைக் கைவிடும் கட்டளையைத் தெரிய வேண்டும். இது ஓடிக் கொண்டிருக்கும் கணனியின் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு ஒப்பானது. திறந்து வைத்துச் சேமிக்காத எழுத்துக்கள் போகும். வன்தட்டிற் சேமித்தவை எஞ்சும்.

உட்கணனி நீலத்திரை காட்டி, அதில் 7பி என முடியும் இலக்கம் காணப்படின், எக்ஸ்.பி.யினால் தன் வன்தட்டை அணுக முடியவில்லை என்பதே அதன் பொருள். வி.டி.ஐ. கோப்பைப் புதிய மெய்நிகர்க் கணனியில் இணைக்கும்போது அது சாற்றா வகைக் கட்டுப்படுத்தியில் இணைக்கப்பட்டிருக்கலாம். அவ்வகைக்குரிய இயக்கி எக்ஸ்.பி.யில் இயல்பாக இல்லை. சேமிப்பு அமைப்பிற் சென்று ஐ.டி.ஈ. வகைக்கு மாற்றினால் அது மீண்டும் எழும்பும். அவ்வாறே ஐ.ஓ. ஏபிக் என்னும் அமைப்பு எக்ஸ்.பி.யை நிறுவியபோது இயங்கு நிலையில் இருந்திருப்பின் பின்னர் அதனை நிறுத்தலாகாது. பழைய அமைப்பு நினைவில் இல்லையெனின், கோப்புறையில் வி.பொக்ஸ்-பிறெவ் என முடியும் கோப்பைப் பாருங்கள். அது அமைப்பு விபரங்களின் முந்திய பிரதி. குறிப்பேட்டு நிரலினாலேயே திறந்து வாசிக்கலாம்.

இவற்றின் பின்னரும் தொடங்காவிடின், எவ்8 விசையை அழுத்திப் பாதுகாப்பு முறையில் தொடக்கிப் பாருங்கள். தொடங்கினால் கெஸ்ற் அடிசன்ஸ் என்னும் துணை மென்பொருளை அகற்றி, பின்னர் ஏற்ற பதிப்பை நிறுவலாம். அதன்பின் வன்தட்டைச் சோதிக்கும் செக் டிஸ்க் கட்டளையையும், முறைமைக் கோப்புக்களைச் சரிபார்க்கும் எஸ்.எவ்.சி. ஸ்கான்நவ் கட்டளையையும் ஆங்கில எழுத்துக்களில் வழங்கலாம். எக்ஸ்.பி.யில் இரண்டாவது கட்டளை நிறுவல் இறுவட்டைக் கேட்கும். ஆகவே பழைய இறுவட்டை எறிந்துவிடாதீர்கள். உட்கணனியில் விண்டோஸ் 10 இருப்பின் டிசம் கட்டளையினால் மூலக்களஞ்சியத்தைச் சீர்செய்த பின்னர் எஸ்.எவ்.சி.யை இயக்குவதே முறை. எக்ஸ்.பி.யின் பதிவேட்டுக் கோப்புப் பழுதுற்றிருப்பின் றிப்பெயர் கோப்புறையிலுள்ள பிரதியை இடுமாறு சிலர் கூறுவர். அப்பிரதி பொதுவாக எக்ஸ்.பி. முதன்முதல் நிறுவப்பட்ட நாளையது. அதனை இட்டால் பின்னர் ஏற்றிய மென்பொருள்களின் பதிவுகள் இல்லாது போகும் என்பதை அறிந்தே செய்தல் வேண்டும்.

எவ்வழியும் பலிக்காவிடினும் மனந்தளர வேண்டியதில்லை. வேறொரு மெய்நிகர்க் கணனியை அமைத்து, பழைய வி.டி.ஐ. கோப்பின் பிரதியை அதற்கு இரண்டாவது வன்தட்டாக இணையுங்கள். எக்ஸ்.பி. எழும்பாது போயினும் அதனுள் இருக்கும் ஆவணங்களையும் எழுத்துருக்களையும் சாதாரண கோப்புக்களைப் போலவே எடுத்துக் கொள்ளலாம். வேண்டுவது ஆவணங்களேயன்றி எக்ஸ்.பி. அன்று.

விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாள் முடிந்தது. ஆகவே உட்கணனியின் வலைத்தொடர்பைத் துண்டித்தே வைத்திருங்கள். அது நன்கு இயங்கும் காலத்திலேயே முக்கிய ஆவணங்களைப் பி.டி.எவ். வடிவிலும், கூடுமாயின் ஒருங்குறியிலும் மாற்றி, ஒரு பிரதியை வேறொரு நகரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்தல் நலம். ஊரிலே வீட்டுப் பெட்டிகளுடன் உறுதிகளையும் பிறப்புச் சான்றுகளையும் இழந்தவர்கள் நாம். எஞ்சியவற்றை ஒரே பெட்டியில் வைத்திருப்பது எமக்கு அழகன்று.

பாமினிக் கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றும் முறையினை அடுத்த வாரம் நோக்குவோம்.