போட்டோ திருத்தும் சாப்ட்வேருக்கு மாத வாடகை! பாதியில் விலகினால் அபராதம். ஓயாத போட்டோகிராபர்கள் குமுறல்

ஆடி பிறந்தால் சென்னையில் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும். மேளக்காரர், சமையல்காரர், போட்டோகிராபர் எல்லோருக்குமே வேலை குறைவு. கேமராவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். அது சோறு கேட்காது. ஆனால் எடுத்த படத்தைத் திருத்தும் சாப்ட்வேர் அப்படி அல்ல. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் சந்தா கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் பூட்டு!

இந்தச் சந்தா முறையை எதிர்த்து அமெரிக்காவில் கிளம்பிய குமுறல் இன்னும் அடங்கவில்லை. விவகாரம் கோர்ட்டு வரை போனது. அதன் விவரம் வருமாறு:-

பெட்டியில் வாங்கிய காலம்

போட்டோ திருத்த உலகமெங்கும் பயன்படும் சாப்ட்வேர் "போட்டோஷாப்". தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன்-தம்பி உருவாக்கியது. 1990-ம் ஆண்டு அடோப் கம்பெனி இதை விற்பனைக்கு விட்டது. இந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் கலிபோர்னியாவில் சான் ஓசே நகரில் இருக்கிறது.

20 ஆண்டுகளுக்கு மேலாக இது கடையில் பெட்டியோடு விற்கப்பட்டது. 2012-ல் வந்த கடைசிப் பெட்டியின் விலை 699 டாலர். விலை அதிகம்தான். ஆனால் ஒருமுறை கொடுத்தால் போதும். சாப்ட்வேர் வாங்கியவருக்கே சொந்தம்போல இருந்தது. புதிய பதிப்பு வந்தால், வேண்டுமானால் 199 டாலர் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் பழையதை வைத்தே பிழைக்கலாம்.

2013 மே 6

2013-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த கூட்டத்தில் கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. இனிமேல் பெட்டியில் புதிய பதிப்பு வராது. மாதச் சந்தா கட்டுவோருக்கு மட்டுமே புதியது கிடைக்கும் என்று அறிவித்தது.

போட்டோகிராபர்கள் சும்மா விடுவார்களா? முடிவை மாற்றச் சொல்லி இண்டர்நெட்டில் கையெழுத்து இயக்கம் தொடங்கியது. சில வாரங்களில் 30 ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி முடிவை மாற்றவில்லை. ஆனால் அந்த ஆண்டே கொஞ்சம் இறங்கி வந்தது. போட்டோஷாப், லைட்ரூம் இரண்டும் சேர்த்து மாதம் 9 டாலர் 99 சென்ட் என்று போட்டோகிராபர்களுக்குத் தனித் திட்டம் கொண்டு வந்தது.

திருட்டும், முடக்கமும்

அதற்குள் அடுத்த இடி. அடோப் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் கைவரிசை காட்டிய மர்ம நபர்கள், 29 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்களை அள்ளிச் சென்றுவிட்டதாக 2013 அக்டோபரில் செய்தி வந்தது. சங்கேத முறையில் மறைத்து வைத்த கிரெடிட் கார்டு எண்களும் அதில் அடக்கம். பிறகு, கணக்கு விவரம் பறிபோனவர்கள் 3 கோடியே 80 லட்சம் பேர் என்று தெரிய வந்தது.

2014 மே மாதம் கம்பெனியின் நுழைவுச் சேவை ஒரு நாளுக்கு மேல் படுத்துவிட்டது. பணம் கட்டியும் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

சந்தா என்றாலே நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. கணக்கைப் பார்ப்போம்.

பழைய முறையில் போட்டோஷாப் 699 டாலர், லைட்ரூம் 149 டாலர். ஆக 848 டாலர். இரண்டையும் ஒருமுறை புதுப்பிக்க 278 டாலர். சந்தாவில் மாதம் 9.99 வீதம் 10 ஆண்டுக்கு சுமார் 1,199 டாலர்.

10 ஆண்டில் இரண்டு முறை புதுப்பிக்கிறவருக்குப் பழைய முறையில் 1,404 டாலர் ஆகும். அவருக்குச் சந்தாதான் லாபம். ஒரே முறை புதுப்பித்து ஓட்டுகிற சிறிய ஸ்டூடியோக்காரருக்கு 1,126 டாலர்தான். அவருக்குச் சந்தா நஷ்டம்.

சொந்தமாக வாங்கினாலும் ஒரு சிக்கல் உண்டு. புதிய கேமரா வாங்கினால், அதன் ரா பைலைப் பழைய சாப்ட்வேர் திறக்காது.

சந்தாவை ஆதரிப்போர் இதைத்தான் சொல்கிறார்கள். எதிர்ப்பவர்கள் கேட்பது வேறு. இன்றைக்கு 10 டாலர், நாளைக்கு எவ்வளவு?

அந்தப் பயம் பலித்தது. மாதாமாதம் பணம் கட்டுவோருக்கு 9.99 டாலர், 14.99 டாலராக உயரும் என்று 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஒரேயடியாக ஒன்றரை மடங்கு! ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் மட்டும் பழைய கட்டணம். 2025 ஜனவரி 15-க்குப் பிறகு அந்தத் திட்டத்தில் புதிதாக யாரும் சேர முடியாது.

கம்பெனிக்கோ நல்ல அறுவடை. 2013 நிதியாண்டில் அதன் மொத்த வருமானம் சுமார் 406 கோடி டாலர். 2024-ல் சுமார் 2,150 கோடி டாலர்.

விலகினால் அபராதம்

பலருக்கு விலையைவிட ஆத்திரம் மூட்டியது வெளியே போகும் வழி. மாதாமாதம் பணம் கட்டினாலும் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. முதல் வருடத்தில் பாதியில் விலகினால் மீதித் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். மாதம் 60 டாலர் திட்டத்தில் 4 மாதம் கழித்து விலகினால் அபராதம் 240 டாலர்!

இந்த அபராதத்தை மறைத்து வைத்து, விலகுவதையும் கஷ்டமாக்கியதாகக் கூறி அமெரிக்க அரசே 2024 ஜூன் 17-ந் தேதி கலிபோர்னியா பெடரல் கோர்ட்டில் வழக்கு போட்டது. கம்பெனி அதை மறுத்தது. தன் நிபந்தனைகள் வெளிப்படையானவை, விலகுவது சுலபம் என்றது.

மாற்று வழி உண்டா?

உண்டு. "ஜிம்ப்" 1996 முதல் இலவசம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரக் கம்பெனியின் "அபினிட்டி போட்டோ" 2015-ல் 50 டாலருக்கு வந்தது. ஒருமுறை கட்டினால் போதும். அந்தக் கம்பெனியை ஆஸ்திரேலியாவின் கான்வா 2024-ல் வாங்கியது. 2025 அக்டோபரில் அபினிட்டியை இலவசம் ஆக்கியது.

ஆனால் பல வருடம் பழகிய கையை மாற்றுவது லேசு அல்ல. அடுக்கடுக்காக வேலை செய்து சேமித்த பழைய பைல்கள் வேறு சாப்ட்வேரில் அப்படியே திறக்கும் என்று உறுதி இல்லை. சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். படம் நம்முடையது, சாவி அவர்களுடையது என்பதே போட்டோகிராபர்களின் குமுறல்.

நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ஆடியில் விலகி ஆவணியில் திரும்பச் சேரலாம் என்ற எண்ணம், ஒரு வருட ஒப்பந்தத்தில் பலிக்காது. விலகும் விதி நாட்டுக்கு நாடு மாறும். கார்டு எண்ணைக் கொடுக்கும் முன்பு அந்த ஒரு வரியைப் படித்துவிடுவது நல்லது. முடித்த படங்களை ஜேபெக், டிப் பைல்களாகவும் தனியே எடுத்து வைத்தால், சந்தா நின்றாலும் ஆல்பம் நிற்காது.