பூட்டு நீக்கமும் ஆய்வே

புணேயின் பொறியியல் கல்லூரிகளிலும் சி-டாக் பட்டய வகுப்புகளிலும் இயங்குதளம் பயிலும் மாணவர்க்குப் பூட்டிடக் கற்பிக்கப்படுகிறது. இட்ட பூட்டை எடுக்கக் கற்பிக்கும் பாடம் எங்குமே அரிது. ஆய்வுக் குழுக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பூட்டு நீக்கத்தை ஒருவர் ஆய்வுப்பொருளாக முன்வைத்தால் எழும் முதல் வினா, “வேகம் எத்தனை விழுக்காடு கூடியது?” என்பதே. அவ்வினாவே பிழை.

லினக்ஸ் கெர்னலின் வைஃபை நிரலைக் காண்க. 2021இல் வெளியான 5.12 பதிப்புக்கு முன், வைஃபை அமைவு வேலைகள் பெரும்பாலும் ஆர்டிஎன்எல் எனும் பொதுப்பூட்டின் கீழ் நடந்தன. வைஃபை சில்லின் ஃபர்ம்வேர் விடைதரத் தாமதித்தால், தொடர்பே இல்லாத ஈதர்நெட் அமைவும் வாசலில் காத்து நிற்கும். 5.12இல் ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பூட்டு அமைந்தது. ஆயினும் மேக்80211 அடுக்கில் நிலையங்களுக்கு ஒன்று, குறியாக்கச் சாவிகளுக்கு ஒன்று எனப் பழைய பூட்டுகள் அப்படியே கிடந்தன. வெளிக்கதவு பூட்டியிருக்க, உள்ளறைதோறும் பூட்டு.

2023இல் பராமரிப்பாளர் யோஹானெஸ் பெர்க் அவற்றை நீக்கினார், 6.7 பதிப்பில் அம்மாற்றம் சேர்ந்தது. உடனே நீக்க இயலவில்லை என்பதே இதில் கற்கத்தக்க பகுதி. பின்னணிப் பணிகள் கருவிப்பூட்டைப் பிடிக்காமல் ஓடின. பணியே அப்பூட்டை எடுக்கட்டும் என்றால், பூட்டைக் கையில் வைத்தபடி அப்பணி முடியக் காத்திருக்கும் இழையும் அப்பணியும் ஒன்றையொன்று எதிர்நோக்கி முடங்கும். ஆகவே கருவிப்பூட்டின் கீழேயே ஓடும் புதிய பணிவகை முதலில் உருவாக்கப்பட்டது. பணிகள் அதற்கு மாறிய பின்னரே பூட்டுகள் விழுந்தன.

நுண்பூட்டே முன்னேற்றம் என்பார், 2011இல் 2.6.39 பதிப்போடு ஒழிந்த ‘பெரிய கெர்னல் பூட்டை’ச் சான்று காட்டுவர். அது கெர்னல் முழுமைக்கும் ஒன்று. இதுவோ கருவிக்கு ஒன்று. பொட்டலங்கள் விரையும் பாதை இந்த மியூடெக்ஸைத் தொடுவதே இல்லை. எனவே விழுக்காட்டில் காட்ட வேகம் ஏதுமில்லை. குறைந்தது பூட்டுகளின் வரிசைச் சிக்கல். வைஃபை 7இன் பல்லிணைப்பு வந்தபின் அவ்வரிசையை மனத்தில் இருத்துவதே பெருஞ்சுமை.

ஒரு பூட்டு வேண்டாததெனக் காட்ட, அது காத்த தரவைத் தொடும் ஒவ்வொரு பாதையும் வெளிப்பூட்டுக்குள் நிகழ்வதை நிறுவ வேண்டும். லாக்டெப் கருவி, ஓடிய பாதைகளையே சோதிக்கும். ஓடாத பிழைப்பாதைகளை மனிதரே வரிவரியாகப் படிக்க வேண்டும். இவ்வளவும் செய்தவரிடம் வேக வரைபடம் எங்கே எனக் கேட்கும் குழு, அந்நிரலைத் தான் படித்ததா என்பதை முதலில் சொல்லட்டும்.